துயிலும் நெடுந்துயிலும்: லினக்ஸ் கர்னல் வரலாற்றில் ஓர் அதிகாரம்

துஞ்சுதல் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் இரண்டு பொருள் உண்டு. உறங்குதல் என்பது ஒன்று. இறத்தல் என்பது மற்றொன்று. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று பாண்டியன் ஒருவன் பெயரைப் படிக்கும்பொழுது, அவன் அங்கே கண்ணயர்ந்தான் என்று நாம் பொருள் கொள்வதில்லை. அங்கே உயிர் நீத்தான் என்றே கொள்கிறோம். ஒரே சொல் இருவேறு நிலைகளைச் சுட்டுமாயின், இடம் நோக்கிப் பொருள் காணும் பொறுப்பு படிப்பவரைச் சார்ந்ததாகிறது. இலக்கியத்தில் இதனால் பெரிய கேடு எதுவும் விளைவதில்லை. கணிப்பொறித் துறையிலோ இத்தகைய சொல் மயக்கம் ஒன்று ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் நிலவி, வல்லுநர்களையே அலைக்கழித்தது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் நடுப்பகுதிக்குக் கர்னல் என்று பெயர். வித்தினுள் இருக்கும் பருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இது. நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை ஆகிய எல்லாவற்றையும் ஆள்வது இக்கர்னலே. பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். இதன் மூலநிரல் எல்லார்க்கும் திறந்து வைக்கப்பட்டிருத்தலால், விரும்புவோர் தம் கணிப்பொறிக்கு ஏற்பத் தாமே கர்னலை அமைத்துக்கொள்ளலாம். அவ்வாறு அமைப்போர்முன் நீண்ட பட்டியல் ஒன்று விரியும். இந்த வசதி வேண்டுமா, அந்த வசதி வேண்டுமா என அது கேட்க, ஒவ்வொன்றுக்கும் விடை குறித்துச் செல்லவேண்டும். மின்னாற்றல் மேலாண்மை என்னும் தலைப்பின்கீழ் இரண்டு வரிகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, கணிப்பொறியின் நிலையை நினைவகத்திலேயே வைத்து உறங்கச் செய்தல். மற்றொன்று, அந்நிலையை வட்டில் எழுதிவிட்டு மின்சாரத்தை முற்றும் நிறுத்துதல். முன்னதைத் துயில் என்றும், பின்னதை நெடுந்துயில் என்றும் இங்கு வழங்குவோம். காண்பதற்கு எளிய இவ்விரு வரிகளும் பிரிந்து நிற்பதற்குப் பல்லாண்டு உழைப்பும் பூசலும் தேவைப்பட்டன.

நினைவும் மறதியும்

கணிப்பொறிக்கு உறக்கம் எதற்கு? அதனை நிறுத்திவிட்டுப் பின்னர் மீண்டும் தொடங்கினால் போதாதா? இவ்வினாவுக்கு விடை காண நினைவகத்தின் தன்மையை அறிதல் வேண்டும்.

1950களிலும் 1960களிலும் விளங்கிய பெருங்கணிப்பொறிகள் சிறுசிறு காந்த வளையங்களைக் கொண்டு செய்திகளை நினைவில் வைத்தன. மின்சாரம் நின்றாலும் வளையத்தின் காந்தத் தன்மை மாறாது. ஆதலின் அந்நினைவு அழியாது. 1970ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 1103 என்னும் குறைகடத்தி நினைவகச் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்வகைச் சில்லுகள் மலிவானவை, மிகச் சிறியவை. எனவே சில ஆண்டுகளில் காந்த வளையங்கள் வழக்கொழிந்தன. ஆனால் புதிய நினைவகத்திற்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. அதில் செய்தி என்பது நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டமே. அது கசிந்துகொண்டே இருக்கும். இன்றைய நினைவகங்களில்கூட, பொதுவாக 64 மில்லி நொடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் படித்து மீண்டும் எழுதவேண்டும். மின்சாரம் நின்றால் நினைவும் நீங்கும். விரைவையும் மலிவையும் பெற்ற கணிப்பொறி, அதற்கு விலையாக நிலைத்த நினைவைக் கொடுத்தது எனலாம்.

மேசைமேல் நிற்கும் கணிப்பொறிக்கு இஃது அத்துணைத் தொல்லை தரவில்லை. மின்கலத்தால் இயங்கும் மடிக்கணினி பரவியபொழுதுதான் சிக்கல் முற்றியது. பாதி எழுதிய கட்டுரையையும் திறந்து வைத்த கணக்கையும் அப்படியே விட்டு மூடிவைத்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும்; இடையில் மின்கலமும் தீரக்கூடாது. இதற்கு இரண்டு வழிகளே உண்டு. நினைவகத்திற்கு மட்டும் சிறிது மின்சாரம் ஊட்டி, ஏனைய உறுப்புகளை நிறுத்துவது ஒரு வழி. நினைவகத்தில் உள்ளதை வட்டில் படியெடுத்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்துவது மற்றொரு வழி. முன்னது நொடியில் விழிக்கும்; ஆனால் மின்கலம் தீர்ந்தால் எல்லாம் போய்விடும். பின்னது விழிக்கச் சற்றுக் காலம் கொள்ளும். ஆனால் மாதக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தாலும் கெடாது.

ஆட்சி கைமாறியது

1992ஆம் ஆண்டில் இன்டெல், மைக்ரோசாப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் ஏ.பி.எம். என்னும் முறையை வெளியிட்டன. இதன்படி உறக்கத்தின் ஆட்சி பெரும்பாலும் பயாஸிடமே இருந்தது. பயாஸ் என்பது கணிப்பொறியைச் செய்தவர் அதனுள் பதித்து அனுப்பும் அடிப்படை நிரல். கர்னல் உறங்கு என்று கேட்கும். பயாஸ் உறங்க வைக்கும். எவ்வாறு உறங்க வைத்தது, எந்தெந்த உறுப்பை எந்நிலையில் விட்டது என்பன கர்னலுக்குத் தெளிவாகத் தெரியமாட்டா. பயாஸ் செம்மையாக எழுதப்பட்ட கணிப்பொறியில் எல்லாம் நன்கு நடந்தன. அஃது இல்லாத இடத்தில் கர்னல் எழுதுவோரால் செய்யக்கூடியது சிறிதே.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் ஏ.சி.பி.ஐ. என்னும் புதிய விதிமுறையை வெளியிட்டன. இஃது ஆட்சியை இயங்குதளத்தின் கையில் ஒப்படைத்தது. உறக்க நிலைகளுக்கு எண்ணிட்டு வகுத்ததும் இதுவே. மூன்றாம் நிலை, நினைவகத்தில் வைத்துத் துயிலல். நான்காம் நிலை, வட்டில் வைத்துத் துயிலல். ஐந்தாம் நிலை, முற்றும் நிறுத்தம். விதிமுறையில் இவ்விரண்டும் ஒரே ஏணியின் அடுத்தடுத்த படிகளாகத் தோன்றும். இத்தோற்றமே பின்னர் வந்த மயக்கத்திற்குத் துணை செய்தது என்பது என் கருத்து. படிகள் அடுத்தடுத்து இருப்பினும், அவற்றை அடையும் வேலை ஒன்றல்ல.

வட்டில் எழுதும் கலை

லினக்ஸ் கர்னலில் நெடுந்துயிலுக்கு முதல் நிரலை எழுதியவர் காபோர் குட்டி என்பவர். 1998 முதல் அவர் பெயரும், செக் நாட்டவரான பாவெல் மாஹெக்கின் பெயரும் அந்நிரலின் தலைப்பில் காணப்படுகின்றன. ப்ளோரான் ஷபோ என்பவரும் பின்னர்ச் சேர்ந்து உழைத்தார். கர்னலுக்கு வெளியே ஒட்டுநிரலாக வளர்ந்த அது, 2002ஆம் ஆண்டில் 2.5 என்னும் வளர்ச்சித் தொடரில் கர்னலுக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அது வேலை செய்யும் முறையை ஆசிரியர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். வகுப்பறை ஒன்றைப் படம் பிடிக்க விரும்புகிறோம் என்று கொள்வோம். மாணவர் ஓடியாடிக்கொண்டிருந்தால் படம் கலங்கும். ஆதலின் முதற்கண் இயங்கும் நிரல்கள் எல்லாம் அசையாமல் நிறுத்தப்படுகின்றன. அடுத்து, நினைவகத்தின் படி ஒன்று நினைவகத்திலேயே எடுக்கப்படுகிறது. படிக்கு இடம் வேண்டுமாதலால், நினைவகத்தில் பாதிக்குமேல் நிரம்பியிருத்தல் கூடாது. நிரம்பியிருந்தால், வேண்டாதவற்றை முன்னரே வெளியேற்றல் வேண்டும். பிறகு அப்படியானது வட்டில் இடமாற்றுப் பகுதி எனப்படும் இடத்தில் எழுதப்படுகிறது. நினைவகம் போதாதபொழுது கர்னல் தன் சுமையை இறக்கி வைக்கும் இடம் அது. அப்பகுதியின் தலைப்பில் வழக்கமாக உள்ள முத்திரையை மாற்றி, இங்கே உறங்கும் படிமம் உள்ளது என்னும் புதிய முத்திரையையும் இடுவர். விழிக்கும்பொழுது புதிதாகத் தொடங்கும் கர்னல் அம்முத்திரையைக் கண்டு, படிமத்தை நினைவகத்தில் ஏற்றி, பழைய கர்னலுக்கு வழிவிட்டு விலகும்.

இதில் பேரிடர் ஒன்று மறைந்துள்ளது. உறங்கிய கர்னல் வட்டின் நிலையைப் பற்றித் தன் நினைவில் ஒன்று வைத்திருக்கும். உறக்கத்திற்கும் விழிப்புக்கும் இடையே வேறு யாரேனும் அவ்வட்டில் எழுதினால், விழித்தெழும் கர்னலின் நினைவும் வட்டின் உண்மை நிலையும் முரணும். பழைய நினைவை மெய்யென நம்பி அது மேலும் எழுதத் தொடங்கினால் கோப்புகள் சிதையும். இக்கேடு எழுதும் எண்ணமின்றியும் நேரக்கூடும். குறிப்பேடு வைத்து எழுதும் சில கோப்பு முறைமைகள், படிக்க மட்டுமே திறந்தாலும் முடிவுறாத குறிப்புகளை வட்டில் எழுதி நிறைவு செய்யும் இயல்புடையவை. ஆகவே படிமத்தை ஏற்றும் முன்னர்க் கோப்பு முறைமையைத் தொடவே கூடாது என்பது இக்கலையின் முதல் விதியாயிற்று.

மூன்று கிளைகள்

2003 டிசம்பரில் 2.6 பதிப்பு வெளிவந்தபொழுது, ஒரே வேலைக்கு இரண்டு நிரல்கள் கர்னலுள் இருந்தன. மாஹெக் பேணியது ஒன்று. அதிலிருந்து பிரித்து பாட்ரிக் மோச்செல் செப்பனிட்டது மற்றொன்று. 2004இல் இவை மீண்டும் ஒன்றாக்கப்பட்டன.

கர்னலுக்கு வெளியே மூன்றாவது கிளை ஒன்று செழித்தது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த நைஜல் கன்னிங்ஹாம் வளர்த்த அது முதலில் சஸ்பெண்ட்2 எனவும், பின்னர் டக்ஸ்ஆன்ஐஸ் எனவும் பெயர் பெற்றது. படிமத்தைச் சுருக்கி எழுதுதல், பாதி நினைவகம் என்னும் வரம்பைக் கடந்து ஏறத்தாழ முழு நினைவகத்தையும் காத்தல், இடமாற்றுப் பகுதிக்குப் பதிலாகத் தனிக் கோப்பில் எழுதுதல், எழுதும்பொழுதே மனம் மாறினால் நிறுத்திவிடுதல் எனப் பல வசதிகள் அதில் இருந்தன. பயன்படுத்துவோர் பலர் அதனையே விரும்பினர். எனினும் அது கர்னலுள் இடம் பெறவில்லை. அளவில் பெரிது, கர்னலின் பல இடங்களைத் தொடுகிறது, இவற்றுள் சில வேலைகளைக் கர்னலுக்கு வெளியே செய்யலாம் என்பன எதிர்த்தோர் கூறிய காரணங்கள். போலந்து நாட்டவரான ரபாயல் விசோட்ஸ்கி, மாஹெக்குடன் சேர்ந்து இக்கருத்துக்கேற்ப ஒரு வழி வகுத்தார். சுருக்குதலையும் மறைகுறியாக்கலையும் வெளி நிரலுக்கு விட்டு, கர்னல் படிமத்தை மட்டும் எடுத்துத் தரும் அம்முறை 2006இல் 2.6.17 பதிப்பில் வந்தது.

இப்பூசலில் நடுநிலையாக நின்று பார்த்தால் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. கர்னலைக் காப்போர், தமக்குப் பின்னும் பிறர் படித்துத் திருத்தக்கூடிய சிறிய நிரலை நாடினர். கன்னிங்ஹாமோ, இன்றே பயன்படுத்துவோர் கைக்கு உதவும் நிறைவான நிரலைத் தந்தார். படிமத்தைக் கர்னலே சுருக்கி எழுதும் வசதி 2011 ஜனவரியில் வெளிவந்த 2.6.37 பதிப்பில், வேறொருவர் எழுதிய நிரலாக வந்து சேர்ந்தது. சுருக்குதல் கர்னலில் இருக்கலாம் என்பதே ஈற்றில் நின்றது. ஏற்கப்பட்ட நிரல்களை மட்டும் எண்ணி வரலாறு எழுதுவோமாயின், ஏற்கப்படாத நிரலால் இத்துறை பெற்ற நன்மை மறைந்துபோகும்.

விழிப்பே அரிது

இனித் துயிலின் பக்கம் திரும்புவோம். நினைவகத்தில் வைத்துத் துயில்வதில் படிமமும் இல்லை, வட்டும் இல்லை. ஆயினும் இஃது எளிதன்று. உறங்கச் செய்தல் சிறிது, எழுப்புதலே பெரிது. கணிப்பொறியின் ஒவ்வோர் உறுப்புக்கும் அதனை இயக்கும் நிரல் ஒன்று உண்டு. அதற்கு இயக்கி என்று பெயர். ஒவ்வோர் இயக்கியும் தன் உறுப்பை உறங்க வைக்கவும் எழுப்பவும் அறிந்திருத்தல் வேண்டும். நூறு இயக்கிகள் தம் கடமையைச் செய்து ஒன்று தவறினாலும் கணிப்பொறி எழாது. மோச்செல் 2.5 தொடரில் வகுத்த இயக்கி அமைப்பு, உறுப்புகளைக் குடும்ப மரமாக நிறுத்தியது. உறங்கும்பொழுது பிள்ளைகள் முதலில், பெற்றோர் பின்னர். எழும்பொழுது பெற்றோர் முதலில், பிள்ளைகள் பின்னர். நம் இல்லங்களிலும் பெரும்பாலும் இதுவே வழக்கம்!

திரையே பெருந்தொல்லை தந்தது. கணிப்பொறி தொடங்கும்பொழுது திரை அட்டையைத் தயாரிப்பது பயாஸ். துயிலிலிருந்து எழும்பொழுதோ பல கணிப்பொறிகளில் பயாஸ் அதனைச் செய்வதில்லை. உள்ளே கர்னல் விழித்துக்கொண்டிருக்கும். திரை இருண்டு கிடக்கும். தூங்குபவனை எழுப்பலாம், தூங்குபவன்போல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்னும் பழமொழியை இது நினைவூட்டும். திரையைக் கர்னலே நேராக ஆளும் முறை 2009இல் 2.6.29 பதிப்பில் இன்டெல் திரைகளுக்கு வந்த பின்னரே இத்தொல்லை தணியத் தொடங்கியது.

எந்த உறுப்பு எழவில்லை என்று கண்டறிவது எங்ஙனம்? திரை இல்லை, வட்டு இல்லை, மறுபடி தொடங்கினால் நினைவகமும் அழியும். 2006இல் டோர்வால்ட்ஸ் இதற்கு விந்தையான வழி ஒன்று கண்டார். மறுபடி தொடங்கினாலும் அழியாதது, சிறு மின்கலத்தால் ஓடும் கடிகாரம் ஒன்றே. ஆண்டு 100, மாதம் 12, நாள் 28, மணி 24, மூன்று நிமிடக் கூறுகள் 20 எனப் பெருக்கினால் 1 கோடியே 61 இலட்சத்து 28 ஆயிரம் வெவ்வேறு நேரங்கள் கிடைக்கும். விழிக்கும் கர்னல் ஒவ்வோர் உறுப்பையும் எழுப்பும்பொழுது, அதற்குரிய எண்ணை நேரமாக மாற்றிக் கடிகாரத்தில் எழுதிச் செல்லும். இடையில் நின்றுவிட்டால், உடனே மறுபடி தொடங்கிக் கடிகாரத்தைப் படித்து, கடைசியாகத் தொட்ட உறுப்பை அறியலாம். கடிகாரம் பொய் நேரம் காட்டும் என்பது உண்மையே. குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பதற்காக அது சொல்லும் பொய் அது.

பெயர் பிரிந்தது

அதுவரை கர்னலின் அமைவுப் பட்டியலில் நெடுந்துயிலுக்கு மென்பொருள்வழி இடைநிறுத்தம் என்னும் பொருள்படும் பெயரே இருந்தது. துயிலுக்கும் இடைநிறுத்தம், நெடுந்துயிலுக்கும் இடைநிறுத்தம்! பெயர் ஒன்றாக இருந்ததால் உள்ளே வேலையும் ஒன்றாகவே பின்னப்பட்டிருந்தது. இயக்கிகளுக்கு வந்த கட்டளையும் ஒன்றே. இதனால் விளைந்த முரணைக் காண்க. துயிலுக்குச் செல்லும்பொழுது வட்டு நின்றுவிடுவது முறை. நெடுந்துயிலிலோ படியெடுக்கும் கணத்தில் வட்டு அசையாதிருந்தால் போதும். அடுத்த கணமே அதில் எழுதவேண்டியுள்ளது. இரண்டுக்கும் ஒரே கட்டளை இட்டால், எழுதவேண்டிய வட்டை நிறுத்திப் பின் எழுப்பும் வீண்வேலை நேரும்.

2007இல் கன்னிங்ஹாமின் நிரல் பற்றி மீண்டும் விவாதம் எழுந்தபொழுது, இரண்டையும் பிணைத்திருப்பதே தவறு என்று டோர்வால்ட்ஸ் கடுமையாக வாதிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த 2.6.23 பதிப்பில் அமைவுப் பட்டியலின் பெயர்கள் பிரிந்தன. துயிலுக்கு ஒரு வரி. நெடுந்துயிலுக்கு விலங்குகளின் குளிர்கால உறக்கத்தைக் குறிக்கும் சொல்லால் மற்றொரு வரி. 2008இல் விசோட்ஸ்கி, இயக்கிகளுக்குரிய கட்டளைகளையும் தனித்தனியே வகுத்தார். உறைந்து நில், மீண்டும் இளகு, மின் நிறுத்தத்திற்கு ஆயத்தமாகு, பழைய நிலைக்கு மீள் என நெடுந்துயிலுக்கு அதற்கே உரிய ஏவல்கள் அமைந்தன. பெயர் பிரிந்தது, பின்னர் வேலையும் பிரிந்தது, இயக்கி எழுதுவோர்க்குத் தம் கடமை எதுவெனத் தெளிந்தது.

இன்று அமைப்போர் அறியவேண்டியவை

இவ்வரலாறு தெரிந்தவர்க்கு அமைவுப் பட்டியல் எளிதில் விளங்கும். இடமாற்றுப் பகுதிக்கான வசதியைச் சேர்த்தால்தான் நெடுந்துயிலுக்குரிய வரியே தோன்றும். படிமத்தை வைக்க இடம் வேண்டுமல்லவா? எந்தப் பகுதியிலிருந்து விழித்தெழவேண்டும் என்பதைப் பட்டியலில் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். கணிப்பொறி தொடங்கும்பொழுதும் கூறலாம். அதனைக் கூறாது விட்டால் படிமம் வட்டில் இருந்தும் கர்னல் அதனைத் தேடாது, புதிதாகவே தொடங்கும். கணிப்பொறி தொடங்கும் தொடக்கநிலை நிரல், கோப்பு முறைமையைத் திறக்கும் முன்னரே படிமத்தைத் தேடுமாறு அமைத்தல் இன்றியமையாதது. படிமத்தின் அளவு, நினைவகத்தின் ஐந்தில் இரண்டு பங்கிற்கு அடங்குமாறு கர்னல் இயல்பாகவே முயலும், வேண்டுமாயின் மாற்றிக்கொள்ளலாம். கடிகாரத்தில் எழுதும் சோதனை முறையும் பட்டியலில் உள்ளது. தேவைப்பட்டாலன்றி அதனைச் செயற்படுத்துதல் வேண்டா.

பிற்காலத்தில் வேறு இரு மாற்றங்கள் நேர்ந்தன. 2013இல் வந்த 3.9 பதிப்பில், பயாஸின் உதவியை நாடாமல், நிரல்களை உறையவைத்து உறுப்புகளை ஓய்வில் விடும் இலேசான துயில் முறை சேர்ந்தது. 2019இல் வந்த 5.4 பதிப்பில் கர்னலைப் பூட்டிக் காக்கும் முறை வந்தது. அப்பூட்டு இடப்பட்ட கணிப்பொறியில் நெடுந்துயில் மறுக்கப்படும். கணிப்பொறி உறங்கும்பொழுது வட்டில் உள்ள படிமத்தைத் தீயோர் திருத்தி வைத்தால், விழிக்கும் கர்னல் அத்திருத்தத்தையும் தன் நினைவென்றே நம்பும் என்பதே காரணம். பட்டியலில் எல்லாம் சரியாகக் குறித்தும் நெடுந்துயில் வரவில்லையே என்று வருந்துவோர் இதனையும் நோக்குவாராக.

உறங்கி எழுந்தவன் தன் பழைய நினைவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இவ்வரலாறு முழுவதும் ஓடும் வினா. வட்டைத் தொடாதே என்ற விதியும், பூட்டிய கர்னலின் மறுப்பும் அவ்வினாவுக்கு இருவேறு காலத்தில் தரப்பட்ட விடைகள். அவ்விடைகளைத் தெளிவாகக் கூற முதலில் தேவைப்பட்டது, இரு நிலைகளுக்கு இரு பெயர் வைத்தல். கலைச்சொல் ஆக்குதலைச் சொல் விளையாட்டென்று எண்ணுவோர் நம்மிடையே உளர். பெயர் மயங்கினால் பொறியும் மயங்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று. கணிப்பொறி பயிலும் நம் மாணவர்க்கும் இரு நிலைகளுக்கு இரு தமிழ்ச்சொற்கள் வேண்டும். துயில், நெடுந்துயில் என ஈண்டு ஆண்டவற்றைவிடச் சிறந்தவை கிடைப்பின் அவற்றையே கொள்ளலாம். இரண்டையும் ஒரு சொல்லால் மட்டும் குறித்தல் ஆகாது.